பர்மா உளுந்துக்கு வரி வேண்டும்



சம்பாவும் தாளடியும் பழுத்து நிற்கும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஆடுதுறை 3 உளுந்தை வீசிவிட்டு வருகிறோம். அதற்கு உழவு கிடையாது, மடை திறப்பதும் கிடையாது. மிச்ச ஈரத்திலும் தை, மாசிப் பனியிலும் பிழைத்து வருகிற பயிர் அது. பங்குனி வெயிலில் செடியைப் பிடுங்கி, அடித்து, தூற்றி எடுத்தால்தான் நெல்லுக்கு வாங்கிய கடனில் ஒரு பங்கு அடைகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் மியான்மர் உளுந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. 2021 மே மாதம் மத்திய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று மியான்மரோடு ஐந்தாண்டு ஒப்பந்தமும் போட்டது. வரியில்லா அனுமதியை நீட்டி நீட்டி 2026 மார்ச் 31 வரை கொண்டுவந்தது. வியாபாரி களத்துக்கு வந்து, "பர்மா உளுந்து இறங்கியிருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டை விலை அங்கேயே சரிகிறது.

2025-26க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். வாய்ப்பேச்சில் குத்தகை பிடித்தவன் எதைக் காட்டுவான்? வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் வீடு திரும்புகிறான்.

வரி போட்டால் இட்லி விலை ஏறும் என்கிறார்கள். நியாயமான கவலைதான். விளைச்சல் குறைந்த வருஷத்தில் தாராளமாக வரவழையுங்கள், நாங்கள் மறிக்கவில்லை. ஆனால் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே இறங்கிய அன்றே சுங்கவரி ஏற வேண்டும். முடியாத காரியமா? 2017 ஆகஸ்டில் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்தான் என்று இதே டெல்லிதான் வரம்பு கட்டியது!

2025-இல் பருப்புத் தன்னிறைவுக்கென்று 11,440 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். துவரை, மசூரோடு உளுந்துக்கும் அதில் முதலிடம். வரவேற்கிறோம். ஆனால் விலை கிடைக்காத உளுந்தை அடுத்த தையில் எவன் விதைப்பான்? அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் முளை நசுங்குவதைப் பார்த்தே பல பேர் கைவிட்டாயிற்று. மிஞ்சியிருப்பவர்களையும் விரட்டிவிட்டுத் தன்னிறைவு எங்கிருந்து வரும்?

மாசி பிறக்குமுன் வரி அறிவிப்பு வர வேண்டும். பங்குனி முதல் நாளே கொள்முதல் தொடங்க வேண்டும். குத்தகைதாரருக்குக் கிராம நிர்வாக அலுவலர் சான்று ஒன்றே போதும் என்று உத்தரவு போட வேண்டும். இவை எழுதிய மனு மேடைக்கு வலப்பக்கம் இருக்கிறது. பெண்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.