பொம்மைப் படம் பார்க்கும் ஆசிரியர்



எனக்கு வயது 47. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜப்பானிய அனிமே பார்ப்பேன். “சார் இன்னும் பொம்மைப் படம் பார்க்கிறாரா?” என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மாணவி ஒருத்தி சொல்லித்தான் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ பார்த்தேன். 2001இல் வெளிவந்து, 2003இல் ஆஸ்கர் விருது பெற்ற படம். பத்து வயது சிஹிரோ, முன்பின் தெரியாத உலகில் வேலை செய்து பெற்றோரை மீட்கிறாள். அவளுடைய பயத்தைப் படம் கேலி செய்யவில்லை. அது எனக்குப் பிடித்துப்போனது.

என்னை மாற்றியது 2016இல் வந்த ‘எ சைலண்ட் வாய்ஸ்’. செவித்திறன் குறைந்த ஷோகோவின் காதொலிக் கருவியை ஷோயா பிடுங்கி எறிகிறான், வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியர் கண்டுகொள்வதில்லை. விவகாரம் பெரிதானதும் ஷோயாவை மட்டும் குற்றவாளியாக்குகிறார். அந்த ஆசிரியரிடம் நான் என்னைக் கண்டேன்.

அப்போது என் ஏழாம் வகுப்பிலும் காதொலிக் கருவி அணிந்த மாணவன் இருந்தான். மற்றவர்கள் சீண்டியதை ‘விளையாட்டு’ என்று விட்டிருந்தேன். மறுநாளே அவனை முன்வரிசையில் அமர்த்தினேன். கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதை நிறுத்தினேன். அவன் என் உதடுகளைப் பார்க்க வேண்டுமல்லவா? சீண்டியவர்களிடம் தனித்தனியே பேசினேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய கண்களோடு ஒரு முகம் வரைந்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். “இது யார்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வார்கள்.