அடுத்த போர் விமானம் எது?

ஒரு நாட்டின் விமானப்படை அடுத்து எந்தப் போர் விமானத்தை வாங்கும் என்று கணிக்க முனைபவர்கள் பெரும்பாலும் விமானத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வேகம் எவ்வளவு, எத்தனை ஏவுகணைகளைச் சுமக்கும், ரேடார் எவ்வளவு தூரம் எட்டும் என்று ஒப்பிட்டு, இதுதான் வெல்லும் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணிப்பு அடிக்கடி பொய்த்துப்போகிறது. இறுதிச் சுற்று வரை வரும் விமானங்கள் எல்லாமே நாட்டின் தேவைக்கு ஏறக்குறைய ஈடுகொடுப்பவைதான். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பது, விற்கும் நாட்டின் மீதுள்ள நம்பிக்கை, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவு, உள்நாட்டுத் தொழிற்சாலைக்குக் கிடைக்கும் வேலை ஆகியவை.

இதைத் தெளிவாகக் காட்டுவது பிரேசிலின் அனுபவம். பழைய மிராஜ் விமானங்களுக்கு மாற்றுத் தேடிய பிரேசில், 2008-இல் மூன்று விமானங்களை இறுதிப் பட்டியலில் வைத்தது. பிரான்சின் ரஃபேல், அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட், ஸ்வீடனின் கிரிப்பென். தேவைப்பட்டவை 36 விமானங்கள். 2009 செப்டம்பர் 7, பிரேசிலின் சுதந்திர தினம். பிரெஞ்சு அதிபர் சர்கோசி சிறப்பு விருந்தினர். அன்றே அதிபர் லூலா, ரஃபேல் வாங்குவதற்கான பேச்சுவார்த்தை தொடங்கும் என்று அறிவித்தார். போட்டி முடிந்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். சில நாட்களிலேயே பாதுகாப்பு அமைச்சகம், போட்டி இன்னும் முடியவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

2010 ஜனவரியில் விமானப்படையின் மதிப்பீட்டு அறிக்கை பத்திரிகையில் கசிந்தது. அதில் கிரிப்பெனுக்கு முதலிடம், சூப்பர் ஹார்னெட்டுக்கு இரண்டாமிடம், அதிபர் விரும்பிய ரஃபேலுக்குக் கடைசி இடம். ஒற்றை இன்ஜின் கொண்ட கிரிப்பெனின் விலையும் பறக்கும் செலவும் குறைவு. அதோடு, போட்டியில் இருந்த அதன் புதிய வடிவம் அப்போது முழுமை பெறாமலிருந்ததால், அதை உருவாக்குவதிலேயே பிரேசில் பொறியாளர்கள் பங்கு பெற முடியும். முழுமை பெறாத விமானம் ஆபத்து என்று மற்ற விற்பனையாளர்கள் சொன்னதும் நியாயமான வாதம்தான். ஆனால் எம்ப்ரேயர் போன்ற ஒரு விமான நிறுவனத்தை வளர்த்தெடுத்த நாட்டுக்கு, அந்தக் குறையே வாய்ப்பாகவும் தெரிந்தது.

அடுத்து அதிபரான தில்மா ரூசெஃப் செலவைக் குறைக்க வேண்டி முடிவைத் தள்ளிவைத்தார். காலப்போக்கில் அவருடைய அரசு அமெரிக்க விமானத்தின் பக்கம் சாய்வதாகச் செய்திகள் வந்தன. அப்போதுதான் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் குறுக்கிட்டன. அமெரிக்க உளவு அமைப்பு தில்மாவின் தகவல் தொடர்புகளையே கண்காணித்தது என்ற செய்தி 2013 செப்டம்பரில் வெளியானது. வாஷிங்டனுக்குச் செல்லவிருந்த அரசுமுறைப் பயணத்தை அவர் தள்ளிவைத்தார். சூப்பர் ஹார்னெட்டின் வாய்ப்பும் அத்துடன் மங்கியது. டிசம்பர் நடுவில் பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்த் பிரேசிலியாவுக்கு வந்து போனார். ரஃபேலுக்கு மீண்டும் காலம் கனிகிறது என்ற பேச்சு எழுந்தது. ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 18 அன்று, 450 கோடி டாலர் மதிப்பில் கிரிப்பெனே தேர்வானது. விருந்துகளையும் கைகுலுக்கல்களையும் பார்த்துக் கணித்தவர்கள் இரண்டு முறை ஏமாந்தார்கள். விமானப்படை தன் அறிக்கையில் எழுதியதே கடைசியில் நடந்தது. முதல் விமானம் 2020 செப்டம்பரில் கப்பலில் பிரேசில் வந்து சேர்ந்தது.

கிரிப்பெனை வாங்கியதால் பிரேசில் அமெரிக்கப் பிடியிலிருந்து முழுவதுமாக விலகிவிட்டதாகவும் சொல்ல முடியாது. அதன் இன்ஜின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரிப்பு. கோவை அருகே சூலூர் தளத்திலிருந்து பறக்கும் இந்தியாவின் தேஜஸ் விமானத்துக்கும் அதே நிறுவனத்தின் இன்ஜின்தான். இன்ஜினைத் தரும் நாட்டின் அனுமதி இல்லாமல் விமானத்தை இன்னொரு நாட்டுக்கு விற்கவும் முடியாது. எந்த விமானத்தைப் பற்றிக் கணிப்பதானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருக்கும் இன்ஜின் யாருடையது என்பதே.

இந்தியாவின் கதை வேறு ஒன்றைக் கற்றுத்தருகிறது. 126 விமானங்களுக்காக 2007-இல் விடப்பட்ட டெண்டரில் ஆறு விமானங்கள் போட்டியிட்டன. பெங்களூரின் ஈரக் காற்றிலும் ஜெய்சால்மரின் வெயிலிலும் லே நகரின் உயரத்திலும் அவை சோதிக்கப்பட்டன. அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாடு கையெழுத்தாகியிருந்த காலம் அது. அமெரிக்க விமானம் ஒன்றாவது இறுதிச் சுற்றுக்கு வரும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். 2011 ஏப்ரலில் இரண்டு அமெரிக்க விமானங்களும் உட்பட நான்கு வெளியேற, ரஃபேலும் யூரோஃபைட்டரும் மிஞ்சின. 2012 ஜனவரியில் குறைந்த விலை என்ற கணக்கில் ரஃபேல் வென்றது.

வெற்றி அறிவிக்கப்பட்டும் 126 விமானங்கள் வரவில்லை. அவற்றில் 108 விமானங்களை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரிக்க வேண்டும் என்பது திட்டம். அவற்றின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பதிலும் விலையிலும் பேச்சு மூன்று ஆண்டுகள் இழுபட்டது. 2015 ஏப்ரலில் பாரிஸ் சென்ற பிரதமர் மோடி, பறக்கும் நிலையிலேயே 36 விமானங்கள் வாங்கப்படும் என்றார். பழைய டெண்டர் கைவிடப்பட்டது. எந்த விமானம் என்பதைச் சரியாகக் கணித்தவர்கள்கூட எண்ணிக்கையிலும் வழிமுறையிலும் தவறினார்கள். விமானப்படைக்கு அந்த எண்ணிக்கைதான் உயிர்நாடி. 36 விமானங்களால் இரண்டு படையணிகளையே அமைக்க முடிந்தது.

சுவிட்சர்லாந்தில் கணிப்பவர் வாக்காளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசு தேர்ந்தெடுத்த கிரிப்பெனை 2014 மே மாதப் பொது வாக்கெடுப்பில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நிராகரித்தனர். 2020-இல் புதிய விமானங்களுக்கான 600 கோடி ஃபிராங்க் திட்டம் 50.1 சதவீத ஆதரவில் தப்பிப் பிழைத்தது. எந்த விமானம் என்பதை அப்போது அரசு சொல்லவில்லை. மறு ஆண்டுதான் அமெரிக்காவின் எஃப்-35 அறிவிக்கப்பட்டது.

விற்பவரும் மறுக்கலாம், மூன்றாம் நாடும் தடுக்கலாம். ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கிய துருக்கியை 2019-இல் அமெரிக்கா எஃப்-35 திட்டத்திலிருந்தே நீக்கியது, அதன் பாகங்களில் பல துருக்கியிலேயே தயாராகிவந்தபோதும். இந்தோனேசியா 2018-இல் ரஷ்யாவின் சுகோய்-35 விமானங்களுக்கு ஒப்பந்தமே போட்டுவிட்டது. அமெரிக்கத் தடைச் சட்டத்தின் அச்சுறுத்தலால் அவை வந்து சேரவில்லை. 2022 பிப்ரவரியில் அதே நாடு 42 ரஃபேல் விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. அதுவும் ஒரே மூச்சில் நடைமுறைக்கு வரவில்லை. முதலில் 6, பிறகு 18, கடைசியாக 2024 ஜனவரியில் மீதி 18 என மூன்று தவணைகளில் வந்தது. தயாரிக்கும் டஸ்ஸோ நிறுவனமும் ஒவ்வொரு தவணையும் நடைமுறைக்கு வந்த பிறகே அதைத் தன் ஆர்டர் கணக்கில் சேர்த்தது.