வாகன மேனியும் வீதிக் கற்களும்

புதிதாகச் சல்லி பரப்பிய வீதியில் ஒரு லொறியை நெருக்கமாகத் தொடர்ந்து செல்லும் கார், ஒரு மணி நேரத்திலே பல ஆண்டு முதுமையை அடைந்துவிடக் கூடும். பொனற் எனப்படும் முன்மூடியின் விளிம்பிலும் கூரையின் முன்னோரத்திலும் கடுகளவு புள்ளிகள் தோன்றும். அவற்றைக் கண்டு வருந்துவோர் பலர். வருந்திய மறுநாளே மறந்துவிடுவோர் அவரினும் பலர். அழகு குன்றுவது சிறு நட்டமே. அப்புள்ளி வழியாகக் கறள் உட்புகுவதுதான் பெரு நட்டம்.

இலங்கையில் இதனைச் செல்வர்களின் கவலை என ஒதுக்கிவிட இயலாது. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களைப் பொறுத்தவரை அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், உள்ள வண்டியைப் பேணுவதன் அருமையைப் பல குடும்பங்கள் உணர்ந்தன. பழுதான இயந்திர உறுப்பை மாற்றலாம். உளுத்துப்போன உடற்றகட்டையோ வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்டவேண்டும்.

இத்தகட்டைக் காக்கும் பூச்சின் தடிப்பு எவ்வளவு? மின்சாரத்தின் துணைகொண்டு படியவைக்கும் கறட்காப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பின்னர் வர்ணம், ஈற்றில் நிறமற்ற பளபளப்புப் பூச்சு என நான்கு படைகள் பெரும்பாலும் உண்டு. நான்கும் சேர்ந்தாலும் பொதுவாக 100 முதல் 150 மைக்கிரோன் வரையே. அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல்.

கல் பறந்துவந்து வண்டியை அடிக்கிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் வேறு. முன்செல்லும் வண்டியின் சக்கரம் கல்லை மேலே கிளப்பிவிடுகிறது. அது வானில் நிற்கும் கணத்தில், பின்வரும் வண்டியே விரைந்து சென்று அதன்மீது மோதுகிறது. ஆகவே அடியின் வலிமை பின்வருபவரின் வேகத்தையே பெரிதும் பொறுத்தது. வேகம் 40 கிலோமீற்றரிலிருந்து 80 ஆக உயர்ந்தால், மோதலின் சக்தி இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். எதிரே வரும் லொறி கிளப்பும் கல் சில வேளைகளில் இன்னும் கொடியது. அங்கே இரு வண்டிகளின் வேகமும் கூடிவிடும்.

எனவே முதற் காப்பு கடையில் விற்பதன்று, இடைவெளியே அது. முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்து மூன்று விநாடிக்குப் பின்னரே தமது வண்டி அதனைக் கடக்குமாறு ஓட்டுவோர், 60 கிலோமீற்றர் வேகத்தில் 50 மீற்றர் இடைவெளி பெறுவர். கிளம்பிய கற்களுட் பல அதற்குள் நிலத்தில் விழுந்துவிடும். தார் தெளித்துச் சல்லி பரப்பி உருளையால் அழுத்திய வீதியில், முதற் சில நாட்களுக்கு ஒட்டாத சல்லி மேலே கிடக்கும். அங்கே மெதுவாகச் செல்வதே அறிவுடைமை. முந்திச் செல்வது தமக்கும் பிறர்க்கும் கேடு. சக்கரங்களின் பின்னே தொங்கும் றப்பர்த் தட்டிகள் கிழிந்திருப்பின் மாற்றவேண்டும். முன்சக்கரத் தட்டி சொந்த வண்டியின் கதவடியைக் காக்கும். பின்சக்கரத் தட்டி காப்பது பின்னே வரும் அயலாரை.

பொலியூரிதேன் என்னும் ஒளிபுகும் படலத்தை ஒட்டும் வழக்கமும் இன்று பரவியுள்ளது. ஹெலிகொப்டர்ச் சுழலிகளின் விளிம்பைக் காக்கவும் இவ்வகைப் படலம் பயன்படுவதுண்டு. இது உண்மையாகவே அடியைத் தாங்கும், விலைதான் மிகுதி. முழு வண்டிக்கும் இயலாதோர் முன்மூடியின் முற்பகுதிக்கு மட்டும் ஒட்டலாம். தரங்குறைந்த மறுபூச்சின்மேல் ஒட்டினால், பின்னர் உரிக்கும்போது வர்ணமும் சேர்ந்து உரியக்கூடும். மெழுகும், "செரமிக்" என விளம்பரப்படுத்தும் பூச்சுகளும் பளபளப்புத் தரும், நீரை உருட்டிவிடும். ஆயினும் மிக மெல்லியவையாதலால் கல்லைத் தடுக்கமாட்டா. இதனை விற்போர் சொல்வது அரிது.

புள்ளி விழுந்த பின் செய்யவேண்டியது எளிது. ஆனால் விரைவாகச் செய்யவேண்டும். உப்புக்காற்று வீசும் யாழ்ப்பாணம், திருகோணமலை போன்ற இடங்களில் தாமதம் மேலும் கேடு தரும். கறள் இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் சுற்றியுள்ள பூச்சை உள்ளிருந்தே தூக்கிவிடும். வெளியே கடுகளவு, உள்ளே காசளவு. இடத்தைக் கழுவி உலர்த்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிற்றால் எண்ணெய்ப்பசையைத் துடைத்தல் வேண்டும். கறள் தென்பட்டால் நுண்ணிய எமரித்தாளால் அதனை மட்டும் நீக்கி, வெறும் உலோகத்தில் அடிப்பூச்சை ஒரு துளி இடவேண்டும். அது காய்ந்தபின் வர்ணத்தைப் பற்குச்சியின் நுனியால் மெல்லிய படைகளாக வைக்கலாம். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்ப முயல்வோர் கட்டியான பருவையே பெறுவர். சரியான நிறத்தின் குறியீட்டு எண் பெரும்பாலும் கதவுச் சட்டத்திலோ இயந்திர அறையிலோ உள்ள தகட்டில் பொறித்திருக்கும்.

பிளாஸ்டிக்காலான முன்பம்பரில் எத்தனை புள்ளி இருப்பினும் அது கறளேறாது. அதற்கு விடுமுறை நாள்வரை காத்திருக்கலாம். முன்கண்ணாடிக்கு மேலே, கூரை தொடங்கும் விளிம்பையே முதலில் பார்க்கவேண்டும். உயரத்தில் இருப்பதால் அது எளிதிற் கண்ணிற் படுவதில்லை. மழைநீர் கண்ணாடியோரம் தங்குவதும் அவ்விடத்திலேதான்.