நகர நடுவில் ஒரு தோட்டம்

நிவித்திகலப் பகுதியிலே தோட்டம் என்றால் தேயிலையும் இறப்பருமே நினைவுக்கு வரும். அங்கிருந்து வேலை தேடிக் கொழும்புக்குச் செல்லும் இளைஞன், நகரின் நடுவிலும் ‘தோட்டம்’ என்னும் சொல்லைக் கேட்டுத் திகைக்கிறான். அங்கே செடியுமில்லை, கொடியுமில்லை. ஒடுங்கிய முடுக்கு, இருமருங்கும் ஓரறை வீடுகள், எல்லோர்க்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். லயத்திலே பிறந்தவனுக்கு அது புதிய காட்சியன்று.

இவ்வொற்றுமை தற்செயலாக அமைந்ததன்று. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்புச் சுவர் கொழும்பைப் பெருந்துறைமுகமாக்கிற்று. 1912இல் களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை இரத்தினபுரியை எட்டியது. சப்பிரகமுவ மலைகளின் விளைபொருள் அவ்வழியே நகரை அடைந்தது. அதனை இறக்கவும், தரம் பிரிக்கவும், பொதி கட்டவும், கப்பலேற்றவும் ஆயிரமாயிரம் கைகள் வேண்டியிருந்தன. விளைவித்தவன் லயத்திலே குடியிருந்தான். சுமந்தவன் முடுக்கிலே குடியிருந்தான்.

முன்னாளிலே புறக்கோட்டை செல்வர் வாழ்ந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைகளும் பண்டசாலைகளும் பெருகவே, வசதி படைத்தோர் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். வேலைத்தலத்தை விட்டகல இயலாத ஏழைகளே நகர நடுவில் நெருங்கி வாழ்ந்தனர். கொம்பனித்தெருவிலும் மருதானையிலும் ஒரே முற்றத்தைச் சூழத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மலாயரும் அண்டை வீட்டாராயினர்.

இக்குடியிருப்புகளைச் சீர்செய்யும் முயற்சி நெடியது. 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1921இல் பட்ரிக் கெடிஸ் என்னும் அறிஞர் கொழும்புக்குத் திட்டம் வகுத்தார். வீட்டு ஆதனத்துக்கு உச்சவரம்பு விதித்த 1973ஆம் ஆண்டுச் சட்டம், வாடகைக் குடிகள் பலரை வீட்டுக்கு உரியவராக்கிற்று.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரோ காற்று மாறி வீசிற்று. எவரும் விரும்பாத நிலம் பொன்விலை பெற்றது. செல்வர் அடுக்குமாடிகளைத் தேடி மீண்டும் நடுநகருக்கு வரலாயினர். ஏழைகளுக்கும் மாடிகள் எழுந்தன. 2001இல் வனாத்தமுல்லையில் சஹஸ்புர என்னும் 14 மாடிக் கட்டடம் 671 வீடுகளுடன் எழுந்தது. 2010க்குப் பின் இத்தகைய மீள்குடியேற்றம் விரிவடைந்தது.

மாடி வீட்டிலே தனிக் குழாய் உண்டு, தனிக் கழிப்பறை உண்டு, வெள்ளம் புகுவதில்லை. இவை சிறு நன்மைகளல்ல. ஆயினும் விடியற்காலையில் இடியப்பம் அவித்து வாசலில் விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாடிக்கையாளர் எங்கே? தள்ளுவண்டிக்காரன் வண்டியை எங்கே நிறுத்துவான்? மின்தூக்கி பழுதுற்றால் முதியோர் கதி யாது? வீடு என்பது நான்கு சுவர் மாத்திரமன்று. தொழிலும் அயலும் சேர்ந்ததே வீடு.

மலையகத் தோட்டங்களிலே 2015க்குப் பின் ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடுகள் எழத் தொடங்கின. அங்கும் கேட்கப்படுவது நிலத்தின் உறுதிப் பத்திரமே. மலையிலுள்ள தோட்டமாயினும் நகரிலுள்ள தோட்டமாயினும், தன் உழைப்பால் நிலத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தவன், அம்மதிப்பு உயர்ந்த காரணத்தாலேயே அங்கிருந்து வெளியேற நேருமாயின், அதனை முன்னேற்றம் என்று கூறல் பொருந்துமா? நகரங்களை அமைப்போர் முதற்கண் விடை காண வேண்டிய வினா இதுவே.