முறிந்த முதுகும் மீண்ட வீச்சும்

விரைந்தோடி வந்து, ஒரு கணம் மேலெழுந்து, முன்காலை நிலத்தில் ஊன்றிப் பந்தை விடுக்கும் வேகப்பந்து வீச்சாளனின் தோற்றம் கிரிக்கெற் ஆட்டத்தின் அழகுகளுள் ஒன்று. மைதானத்தைச் சூழ்ந்திருப்போரின் கண்கள் பந்தின் பின்னே செல்கின்றன. அந்தக் கணத்தில் அவனுடைய முதுகெலும்பின் அடியில் நிகழ்வதை எவரும் காண்பதில்லை. முன்கால் நிலத்தைத் தொடும்போது, அவனுடைய உடல் நிறையின் ஐந்து மடங்கு வரையிலும், சிலரிடத்து அதற்கு மேலும், விசை அக்காலின் வழியே மேலேறுகின்றது. அதே வேளையில் உடல் பின்னே வளைந்து, பக்கத்தே சாய்ந்து, முறுகித் திரும்புகின்றது. இம்மூன்றும் ஒருங்கே கூடித் தாக்கும் இடம், கீழ் முதுகின் முள்ளெலும்புகளிற் பின்புறமாக அமைந்த மெல்லிய எலும்புப் பாலமாகும். வலக்கையால் வீசுபவனுக்குப் பெரும்பாலும் இடப்புறத்துப் பாலமே துன்புறுகின்றது.

ஒரு பந்தினால் அப்பாலம் முறிவதில்லை. நூறு பந்தினாலும் முறிவதில்லை. எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறுந்தோறும் அது தன் தேய்ந்த பகுதியை முதலில் அகற்றிவிட்டுப் பின்னரே புதிய பகுதியைக் கட்டுகின்றது. அகற்றியதற்கும் கட்டி முடிப்பதற்கும் இடைப்பட்ட காலத்தில் அது வலுக்குன்றி நிற்கும். அக்காலத்தில் ஓய்வு கிடைப்பின் எலும்பு முன்னையினும் உறுதி பெறும். ஓய்வின்றி மேலும் மேலும் சுமை ஏற்றப்படின், மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். களைப்பினால் விளையும் இம்முறிவுக்கு விழுந்த நாளும் இல்லை, அடிபட்ட நேரமும் இல்லை. ஆதலாலேயே பலர் இதனைச் சாதாரண முதுகு நோவு என்று எண்ணி, எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வீசச் செல்கின்றனர்.

இம்முறிவு ஒரு வீரனின் வாழ்வை முடித்துவிடும் என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அவுஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி. 1971ஆம் ஆண்டு ரெஸ்ற் ஆட்டத்திற் புகுந்த அவர், மறு ஆண்டு இங்கிலாந்திலே ஒரே தொடரில் 31 விக்கெற்றுகளை வீழ்த்திப் பெரும் புகழெய்தினார். 1973இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது அவருடைய முதுகு தளர்ந்தது. முதலாவது ரெஸ்ற் ஆட்டத்தின் பின் அவரால் அத்தொடரிற் பங்குபற்ற இயலவில்லை. கீழ் முதுகின் எலும்புகளில் முறிவு கண்டறியப்பட்டது. ஆறு கிழமைகள் அவருடைய உடல் பிளாஸ்ரர் கட்டினுள் இருந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கேனும் நிரம்பவில்லை.

கட்டு அவிழ்க்கப்பட்ட நாளில் எலும்பு ஓரளவு பொருந்தியிருந்தது. ஆயினும் அதனைத் தாங்க வேண்டிய தசைகள் மெலிந்திருந்தன. அந்நிலையிற் பந்தைக் கையில் எடுத்திருப்பாராயின் அவருடைய கதை அங்கேயே முடிந்திருத்தல் கூடும். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராயிருந்த பிராங் பைக் என்பவர் அவருக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்தார். வயிற்றுத் தசை, முதுகுத் தசை, தொடைத் தசை ஆகியவற்றின் வலு, மூட்டுகளின் நெகிழ்ச்சி, ஓட்டத்தின் தாங்குசக்தி ஆகிய யாவும் படிப்படியாக மீளக் கட்டப்பட்டன. உள்நாட்டில் நடந்த அடுத்த பருவத்து ரெஸ்ற் ஆட்டங்களை அவர் முற்றாக விட்டுவிட்டார். 1974 நவம்பரில் பிறிஸ்பேன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் மீண்டும் ரெஸ்ற் ஆட்டத்திற் பந்து வீசியபோது, ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள் கழிந்திருந்தன. அத்தொடரில் 25 விக்கெற்றுகள் அவருக்குக் கிடைத்தன. 1981இல் லான்ஸ் கிப்ஸ் நாட்டிய 309 விக்கெற்றுகள் என்னும் உலக சாதனையைக் கடந்தார். 1984இல் ஓய்வு பெற்றபோது அவருடைய கணக்கு 355 ஆகும். அவற்றுட் பெரும்பாலானவை முறிவுக்குப் பின் வந்தவை.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாது? நோவு நீங்குதல் வேறு, குணமடைதல் வேறு என்பதே அது. ஓய்வு நோவை நீக்கும். எலும்பு பொருந்துவதற்கு அவகாசமும் தரும். ஆனால் முறிவைக் கொண்டுவந்த சுமையைத் தாங்கும் ஆற்றலை ஓய்வு மட்டும் தராது. அவ்வாற்றலை அளவறிந்து மீளக் கட்டி எழுப்புவதே இயன்மருத்துவத்தின் பணி. இயன்மருத்துவர் என்றால் உடம்பைப் பிடித்துவிடுபவர், மின்கருவியால் வெப்பமூட்டுபவர் என்னும் எண்ணம் இன்னும் பலரிடத்து உண்டு. கையாலும் கருவியாலும் செய்யும் சிகிச்சைகள் துணையாகலாம். அவருடைய தலையாய மருந்து அளந்து கொடுக்கும் அசைவேயாகும்.

இன்று அம்மருந்து பின்வரும் வகையிற் கொடுக்கப்படுகின்றது. முதலில் பந்து வீச்சு முற்றாக நிறுத்தப்படும். அந்நிறுத்தம் சில கிழமைகளன்றிப் பல மாதங்கள் நீடித்தலும் உண்டு. நோவு தணிந்த பின் அடிவயிற்றின் ஆழ்ந்த தசைகளும் இடுப்பின் பக்கத் தசைகளும் மெல்ல மெல்ல வலுப்படுத்தப்படும். அடுத்து நடை, பின்னர் மெதுவான ஓட்டம், பின்னர் விரைந்த ஓட்டம். அதன் பின்னரே, நின்ற நிலையிலிருந்தும் குறுகிய ஓட்டத்திலிருந்தும் சில பந்துகள் மட்டும் வீச அனுமதி கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் அன்றிரவும் மறுநாட் காலையும் முதுகு என்ன சொல்கின்றது என்று கேட்டறிந்தே அடுத்த படி தீர்மானிக்கப்படும். இப்படிகளுள் ஒன்றைத் தாண்டிக் குதிப்பவன் பெரும்பாலும் முதற் படிக்கே திரும்பி வருகின்றான்.

வந்த பின் மாற்றுவதினும் வருமுன் காத்தல் எளிது. அதற்கு வேண்டியவை இரண்டு. ஒன்று வீச்சு முறையைக் கவனித்தல். இடுப்பு ஒரு திசையையும் தோள் மற்றொரு திசையையும் நோக்கி, வீசும்போது தோள் வலிந்து திரும்பும் கலப்பு முறை முதுகுக்குத் தீங்கானது என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எடுத்துக் காட்டியுள்ளனர். மற்றையது பந்துகளின் கணக்கை வைத்தல். ஓர் ஆட்டத்தில் 50 ஓவர்களுக்கு மேல் வீசியவர்கள் அடுத்த மூன்று கிழமைகளிற் காயமடையும் வாய்ப்பு அதிகம் என்று 2009இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. காயம் அன்றே வராமல் நாள் கழித்து வருதலே இதன் வஞ்சகம்.

வளர்ந்தோருக்கே இவ்வாறெனின் சிறுவர் நிலை என்ன? முதுகெலும்பு இருபது வயதைத் தாண்டிய பின்னரே முழு உறுதி பெறுகின்றது. ஆதலால் இங்கிலாந்துக் கிரிக்கெற் சபை இளையோருக்கு வரம்பு வகுத்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் தொடர்ந்து 5 ஓவர்களும் ஒரு நாளில் 10 ஓவர்களுமே வீசலாம் என்பது அங்கே பல்லாண்டுகள் வழங்கிய விதி. அவுஸ்திரேலிய வீரர் பற் கமின்ஸ் 2011இல் பதினெட்டு வயதில் தம் முதல் ரெஸ்ற் ஆட்டத்தில் ஏழு விக்கெற்றுகளை வீழ்த்தினார். முதுகு முறிவுகளும் பிற காயங்களும் தொடர, அவருடைய இரண்டாவது ரெஸ்ற் ஆட்டம் 2017 மார்ச்சிலேயே வாய்த்தது. அந்த இடைக்காலத்தில் அவருடைய வீச்சு முறையைச் சீர்ப்படுத்த உதவியவர்களுள் லில்லியும் ஒருவர். 1987 முதல் 2012 வரை சென்னையில் வேகப்பந்துப் பயிற்சிப் பள்ளியொன்றை நெறிப்படுத்தியவரும் அவரே. அங்கே பயின்றவர்களுள் இலங்கையின் சமிந்த வாஸும் உளர். வாஸ் ரெஸ்ற் ஆட்டங்களில் வீழ்த்திய விக்கெற்றுகளும் 355 என்பது ஓர் இனிய பொருத்தம்.

நம் நாட்டுப் பாடசாலைகளிலே திறமையுள்ள சிறுவன் ஒருவன் பாடசாலை அணிக்கு வீசுகின்றான். மாலையில் பயிற்சி வகுப்பில் வீசுகின்றான். விடுமுறையிற் கழகத்துக்கும் வீசுகின்றான். ஓரிடத்தார் மற்றோரிடத்தின் கணக்கை அறியார். மூன்றையும் கூட்டிப் பார்ப்பார் எவரும் இலர். அச்சிறுவனின் தந்தையோ பொறுப்பாசிரியரோ ஒரு சிறு கொப்பியில் நாடோறும் வீசிய பந்துகளைக் குறித்து வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. பின்னே வளையும்போது கீழ் முதுகின் ஒருபக்கத்தில் நோவு, வீசிய பின் மிகுந்து ஓய்வில் தணியும் நோவு ஆகிய அறிகுறிகள் தோன்றின், அன்றே வீச்சை நிறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். தொடக்க நிலையில் எக்ஸ் கதிர்ப் படம் முறிவைக் காட்டாதிருக்கலாம். காந்தப் படம் அதனை முன்னரே காட்டும். காலத்தோடு கண்டால் எலும்பு முற்றாகப் பொருந்தும் வாய்ப்பு மிகுதி.

பாடசாலைகளின் பெரும் போட்டி நாளில், இன்னும் இரண்டு ஓவர்கள் வீசு என்று தூண்டுதல் எளிது. வீச வேண்டாம் என்று பந்தை வாங்கிக்கொள்ளுதல் அரிது. பதினைந்து வயதுச் சிறுவன் தானாக நிறுத்தமாட்டான். அவனுக்காக அந்த அரிய செயலைச் செய்ய வேண்டியவர்கள் பெரியவர்களே. ஓர் ஆட்டத்தின் வெற்றி மறு ஆண்டு மறக்கப்படும்; பதினைந்து வயதில் முறிந்த முதுகை அவன் நாற்பது வயதிலும் சுமக்க நேரலாம்.