நொண்டும் கோழியும் நம் அமானிதமும்

 

பாலையூற்றிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் வீட்டு முற்றத்தில் நான்கு ஊர்க்கோழிகளையாவது வளர்ப்பது நம்மவர் வழக்கம். அவற்றுள் ஒன்று ஒரு காலைத் தூக்கியவாறு நொண்டினால் நாம் என்ன செய்கிறோம்? "கோழிதானே, தானாகச் சுகமாகிவிடும்" என்கிறோம். அல்லது பிளேட்டினால் கீறிப் பார்க்கிறோம். முதலாவது கவனயீனம், இரண்டாவது அறியாமை. இரண்டினாலும் வேதனைப்படுவது வாய் திறந்து முறையிட முடியாத ஒரு ஜீவன்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்பதையும், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்பதையும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இவை பதிவாகியுள்ளன. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞரும் கி.பி. 1262இல் வபாத்தானவருமான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், மனிதன் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளைத் தமது 'கவாஇதுல் அஹ்காம்' என்னும் நூலில் வகுத்துரைத்தார்கள். வயது முதிர்ந்து அல்லது நோயுற்று, இனிப் பயனில்லை என்ற நிலையை அடைந்த பிராணிக்கும் உரிமையாளன் செலவு செய்தே ஆகவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே, முட்டையிடும் நாளில் மட்டுமன்று, நொண்டும் நாளிலும் கோழி நம் பொறுப்பே.

நோயை அறிந்துகொள்வதே முதற்படி. கோழியின் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். அங்கே வீக்கமும் சூடும் இருந்து, நடுவில் கறுத்த பொருக்கு ஒன்று தென்பட்டால் அது பெரும்பாலும் பாதச் சீழ்க்கட்டியாகும். முள், கம்பி, கண்ணாடித் துண்டு குத்திய சிறு காயத்தின் வழியாக ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் உட்புகுவதால் இது உண்டாகிறது. உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் குதிப்பதும், உடல் பருத்திருப்பதும், ஈரமான கூட்டில் நாட்கணக்கில் நிற்பதும் இதற்கு வழி திறக்கின்றன. திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் கூட்டின் தரையை அடிக்கடி பார்க்க வேண்டியது இதனாலேயே.

எல்லா நொண்டலும் இந்நோயன்று. விரலில் நைலோன் நூல் சுற்றி இறுகியிருக்கலாம். மீன்வலை புழங்கும் கரையோர ஊர்களில் இதை முதலில் பார்க்க வேண்டும். நூலைக் கவனமாக வெட்டியெடுத்தாலே கால் தப்பிவிடும். காலின் செதில்கள் மேலெழும்பித் தடித்திருந்தால் அது உண்ணியின் வேலை. முகத்திலும் கொண்டையிலும் பொருக்குகள் இருந்தால் அது கோழி அம்மையாக இருக்கலாம்.

சீழ்க்கட்டி சிறிதாக இருக்கையில் வீட்டிலேயே இவ்வாறு பராமரிக்கலாம். கோழியை மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த உமி அல்லது வைக்கோல் பரப்பிய இடத்தில், தண்ணீரும் தீனும் எட்டும் தூரத்தில் வையுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், இக்கிருமி மனிதரின் புண்ணிலும் தொற்றக்கூடியது. கோழியைத் துவாயினால் சுற்றிக் கண்ணை மறைத்தால் அது அடங்கிவிடும். ஆனால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு வரும்.

ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் வரை பாதத்தை ஊறவையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு சூடு போதும். பின்பு நன்றாகத் துடைத்து, பொவிடோன் அயடின் தடவி, சுத்தமான கோஸ் துணி வைத்து, மெதுவாகக் கட்டுங்கள். விரல்கள் வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுகிவிட்டது என்பது பொருள். நாள்தோறும் கட்டை மாற்றுங்கள். இடையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள். முடிவில் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

வாலிபர்களே! நம் கை நிற்கவேண்டிய இடம் இரண்டு உண்டு.

முதலாவது, கத்தி. மனிதரின் சீழைப் போன்று பறவையின் சீழ் வடிந்து ஓடாது. அது பாலாடைக்கட்டி போல உறைந்து இறுகிவிடும். அதனால் அமுக்கினால் வெளிவராது. நோயே இன்னும் உள்ளே தள்ளப்படும். தசைநாணுக்கும் எலும்புக்கும் கிருமி பரவினால் கோழி நிரந்தரமாக முடமாகும். ஆழமான கட்டியை அகற்றுவது மிருக வைத்தியரின் பணி. ஒரு வாரத்தில் வீக்கம் வற்றாவிட்டாலும், அதற்கு முன்னரே வீக்கம் மேலே பரவினாலும், கோழி தீன் எடுக்காவிட்டாலும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள்.

இரண்டாவது, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோட்டிக் குளிகை. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது, இதே ஸ்டெபிலோகொக்கஸ் கிருமியை வளர்த்த தட்டில்தான். 1945இல் நோபல் பரிசு பெற்று உரையாற்றியபோது, குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என்று அவரே எச்சரித்தார். கோழிக்கு அரைக் குளிகையைக் கரைத்துக் கொடுக்கும் நாம், நாளை நம் பிள்ளைக்கு வரும் புண்ணை மருந்துக்கு அடங்காததாக ஆக்கிவிடக்கூடாது. மருந்தின் மிச்சம் முட்டையிலும் இறைச்சியிலும் தங்கும். ஆகவே வைத்தியர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் கழித்து அவற்றை உண்ணலாம் என்பதைக் கேட்டறிந்து, அத்தவணை முடியும்வரை முட்டையை உண்ணவும் விற்கவும் வேண்டாம். அசுத்தம் தின்ற கோழியை மூன்று நாட்கள் அடைத்துவைத்த பின்னரே இப்னு உமர் (ரழி) அவர்கள் உண்டதாக அறிவிக்கப்படுகிறது. மருந்தின் தவணை வேறு. ஆயினும் பொறுத்திருந்து தூய்மையானதை உண்ணும் அந்தப் பேணுதல் நமக்கும் உரியது.

சிகிச்சையினும் மேலானது தடுப்பு. முற்றத்துக் கம்பி, ஆணி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியெடுங்கள். கோழி அடையும் தடியைத் தாழ்த்தி, கூர்முனை இல்லாமல் இழைத்துவிடுங்கள். நனைந்த உமியை அகற்றுங்கள்.

பெற்றோர்களே! இப்பணியைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். துவாயைப் பிடிக்கவும், நீரின் சூட்டைப் பார்க்கவும் அவர்களை அழையுங்கள். இரக்கம் என்பது பாடமாகச் சொல்லிக் கொடுத்து வருவதைவிட, கையால் செய்து பழகுவதால் நிலைப்பது. அதே கோழியை ஒருநாள் அறுக்க நேர்ந்தாலும், கத்தியைத் தீட்டி அதன் வேதனையைக் குறைக்குமாறே நம் மார்க்கம் பணித்துள்ளது. அறுக்கும் வேளையிலும் இரக்கம் கடமையென்றால், வளர்க்கும் காலத்தில் அது எவ்வளவு பெரிய கடமை!

இன்று அஸருக்குப் பின் உங்கள் கோழிகளின் பாதங்களை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரிடத்திலும் அமானிதம் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.