இருமலுக்கு டப்பா மாவு மருந்தாகுமா?

(பொட்டிப்புரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ நெஞ்சுக்குள்ளே வளர்கிற பூஞ்சையைப் பற்றிப் பேசுவோம்.

நம் குழுக்களில் ஒரு சகோதரிக்கு முன்பு காசநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டுக் குணமாயிட்டாங்க. சில வருசம் கழிச்சு மறுபடி இருமல், சளியில் ரத்தம். "நுரையீரல்ல ஈஸ்ட் சேர்ந்திருக்கு, சாப்பாட்டாலேயே சரி பண்ணிடலாம்" என்று யாரோ சொல்ல, உள்கடன் எடுத்து சத்து மாவு டப்பா வாங்கினாங்க. புளித்த மாவு ஆகாது என்று இட்லி, தோசை, தயிரை நிறுத்தினாங்க. உடம்பு இளைத்ததுதான் மிச்சம். தீர்மானத்தில் "மருத்துவச் செலவு" என்று எழுதியிருந்ததை நாங்களும் பார்த்தோம். என்ன மருத்துவம் என்று கேட்கவில்லை. அது எங்கள் தவறு.

பிறகு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். காசநோய் நுரையீரலில் விட்டுப்போன பழைய குழியில் பூஞ்சை வளர்ந்திருந்தது. இதன் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ். ஈரத்தில் பூசணம் பிடித்த வைக்கோலிலும் எருக்குழியிலும் இருப்பதுதான். மூச்சில் எல்லோருக்கும் போகிறது. நல்ல நுரையீரல் அதை வெளியேற்றிவிடும். பழைய குழி உள்ளவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்கணும்.

ஈஸ்ட் என்பது வேறு. அது நம் வாயிலேயே இருப்பது. சளியில் ஈஸ்ட் தெரிந்தால் பெரும்பாலும் வாயிலிருந்து கலந்ததாகத்தான் இருக்கும். இட்லியும் தயிரும் நுரையீரலில் பூஞ்சையை வளர்க்காது. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அப்போ சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், ஒரு பகுதி நோயாளிகளை ஆஸ்பத்திரியில் நல்ல சாப்பாட்டோடு வைத்தார்கள். மற்றவர்கள் ஏழை வீட்டிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே குணமானார்கள். நோயைக் கொன்றது மருந்து. ஆனால் 2023-ல் வெளிவந்த ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. சாப்பாடு காவல்காரன், மருந்துதான் வைத்தியன்.

பூஞ்சைக்கும் அப்படித்தான். நம் சகோதரிக்கு இட்ராகொனசோல் என்ற மாத்திரையைப் பல மாதம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டபின் போட்டால்தான் உடம்பில் சேரும். நெஞ்செரிச்சல் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் சரியாகச் சேராது. ஈரலைப் பார்க்க ரத்தப் பரிசோதனையும் வேண்டும். வேறு பொடி, லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடணும்.

நாம் எடுக்க வேண்டிய முடிவுகள்:

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் இலவசச் சளிப் பரிசோதனை. சளியில் ரத்தம் வந்தால் அன்றைக்கே போகணும்.

2. காசநோய் குணமானவருக்கு மறுபடி இருமல் வந்தால், பழைய நோயை மறைக்காமல் சொல்லணும். எக்ஸ்ரே எடுக்கணும்.

3. பூசணம் பிடித்த வைக்கோலை உதறும்போது மூக்கு, வாயை மூடணும். பழைய குழி உள்ளவர்கள் அந்த வேலையே செய்ய வேண்டாம்.

4. சத்துக்கு முட்டை, பருப்பு, கேப்பை, நிலக்கடலை, கீரை போதும். டப்பா மாவுக்கு உள்கடன் வேண்டாம். காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு அரசு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்குத் தருகிறது, கேட்டு வாங்குங்கள்.

5. மருத்துவத்துக்கு உள்கடன் கேட்டால், "டாக்டர் சீட்டு இருக்கா?" என்று கேட்போம். தடுப்பதற்கு அல்ல, கூடப் போவதற்கு.

அந்தச் சகோதரி இன்று மாத்திரை சாப்பிடுகிறார், இட்லியும் சாப்பிடுகிறார். இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார்.